கண்ணாடி அசைந்த பக்கம்

அந்த அறைக்குள் போக வேண்டுமானால் இரும்பை வெளியே விட்டுவிட வேண்டும். மகாராணியே வந்தாலும் அப்படித்தான் என்பார் ஜெப்சன். சாவிக்கொத்து, பேனாக்கத்தி, தொப்பி ஊசி, ஆணியடித்த பூட்ஸ் எல்லாம் வாசலில் இருக்கும் மரப்பெட்டிக்குள் போய்விடும். கோட்டும் சூட்டுமாக லண்டனிலிருந்து வந்த பெரிய மனிதர்கள்கூட வெறும் காலுறையோடு பூனைபோல் நடந்துதான் உள்ளே போனார்கள். ஹனோரா அங்கே விளக்கு வேலைக்குச் சேர்ந்த அன்று ஜெப்சனின் முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது. சீமாட்டிகள் இடுப்பை இறுக்கப் போடும் உள்கச்சையில் இரும்புப் பட்டை வைத்திருப்பார்களே, அதைப் பற்றி ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது?

"மிசஸ் சல்லிவன், வந்து... நீங்க... உள்ள ஏதாவது..."

அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இந்தத் தீவுல இரும்பு வெச்ச கச்சை போடுற பொம்பளை யாராவது இருந்தா சொல்லுங்க மிஸ்டர் ஜெப்சன், நானும் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரேன்."

ஜெப்சன் இங்கிலாந்துக்காரர். ஒல்லி, சதா தும்மல், ஊர் நினைப்பு வேறு. தீவு இருந்த கெர்ரிக் கரையோரத்துக் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்க்காரர்களின் பெயர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சல்லிவன் நின்றான். தந்தி நிலையத்துக்குள்ளேயே இரண்டு மிசஸ் சல்லிவன்கள். விளக்குக்குத் திரி வெட்டி எண்ணெய் ஊற்றுகிற ஹனோரா ஒருத்தி. காலையில் பாலும் மோரும் கொண்டுவருகிற கோப்னெட் இன்னொருத்தி. "மிசஸ் சல்லிவன்!" என்று இவர் கூப்பிட்டால் இரண்டு குரல் பதில் சொல்லும். கடைசியில் மனிதர் 'விளக்கு மிசஸ் சல்லிவன்', 'பால் மிசஸ் சல்லிவன்' என்று பிரித்து வைத்துக்கொண்டார்.

புருஷன்மார் விஷயம் இன்னும் மோசம். இரண்டு பேருமே திமோத்தி சல்லிவன். ஊரில் அதில் குழப்பமே கிடையாது. ஹனோராவின் புருஷனுக்கு வெள்ளை வெளேரென்ற முடி, அதனால் அவன் 'பான்'. கோப்னெட்டின் புருஷன் ஆள் கட்டை, அதனால் 'பெக்'. வெள்ளையன், குட்டையன், அவ்வளவுதான். ஆனால் கம்பெனிக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? கம்பிக் கப்பலில் வேலைக்கு எடுக்கும்போது இருவரையும் வெறும் திமோத்தி சல்லிவன் என்றே எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் கப்பல் போயிருந்த காரியத்தைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். போன கோடையில் அமெரிக்காவரை கடலடியில் தந்திக் கம்பி போட்டுக்கொண்டே போனார்கள். நடுக்கடலில் அது அறுந்து கீழே போய்விட்டது. ஒரு முனை இங்கே ஜெப்சனின் மேசைமேல். மறுமுனை எந்த வெளிச்சமும் எட்டாத ஆழத்தில், சேற்றில். அதைக் கொக்கி போட்டுத் தூக்கப் போகிறோம் என்று இந்தக் கோடையில் கிளம்பியிருந்தார்கள். கோப்னெட்டிடம் இதைச் சொன்னபோது, "எங்க கிணத்துல விழுந்த வாளியையே எம் புருஷனால எடுக்க முடியல. கடல்ல விழுந்த கயித்தை எடுக்கப் போறாராக்கும்" என்றாள்.

அப்படித் தூக்கிவிட்டால் அதை முதலில் தெரிந்துகொள்ளப் போவது அந்த இருட்டறையில் இருந்த ஒரு பித்தளை உருளைதான். கால்வனாமீட்டர் என்பது அதன் முழுப்பெயர். மின்சாரம் எவ்வளவு வருகிறது, எந்தப் பக்கமாக வருகிறது என்று காட்டும் கருவி. அங்கே எல்லாரும் அதைக் 'கண்ணாடி' என்றே சொன்னார்கள். உருளைக்குள்ளே மயிரிழை போன்ற செப்புக்கம்பி சுற்றுச் சுற்றாகச் சுற்றியிருக்கும். அதன் நடுவே ஒற்றைப் பட்டிழையில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய கண்ணாடி ஒன்று தொங்கும். கண்ணாடியின் முதுகில் காந்தத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். கம்பியில் கொஞ்சம் மின்சாரம் வந்தால் போதும், காந்தம் திரும்பும், கண்ணாடியும் கூடவே திரும்பும். விளக்கின் ஒளி அந்தக் கண்ணாடியில் பட்டு எதிரே உள்ள வெள்ளைப் பலகையில் ஒரு புள்ளியாக விழும். கண்ணாடி திரும்புவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பலகையில் புள்ளி ஒரு சாண் ஓடிவிடும். அங்கே வந்துபோன பெரிய யந்திரங்கள் எத்தனையோ. இதுபோல் ஒன்றை ஹனோரா பார்த்ததில்லை. சத்தமில்லை, புகையில்லை, பல்சக்கரமில்லை. மூச்சுவிட்டால் ஆடிவிடும்போல் இருக்கிற ஒரு துண்டுக் கண்ணாடியை நம்பி ஒரு சமுத்திரமே காத்துக்கிடந்தது.

ஒருநாள் அவள் கொண்டுவந்த மதியச் சாப்பாட்டிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை ஜெப்சன் எடுத்துக்கொண்டார். அதில் ஒரு செப்புத் தகட்டையும் ஒரு துத்தநாகத் தகட்டையும் செருகி, இரண்டையும் கருவியோடு இணைத்தார். புள்ளி பலகையின் விளிம்பைத் தாண்டிச் சுவருக்கே ஓடிவிட்டது.

"கெழங்குக்குள்ளயுமா மின்சாரம் இருக்கு?" என்று வாயைப் பிளந்தாள் ஹனோரா.

"கொஞ்சமே கொஞ்சம். வேற எந்தக் கருவிகிட்டயும் கேளுங்க, அப்படி ஒண்ணும் இல்லையேன்னு சொல்லிடும். இது மட்டும்தான் இல்லாதவன் குரலையும் காது கொடுத்துக் கேக்கும்."

அவள் அந்தக் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மண்ணுக்குள்ளேயே அழுகிப்போன வருஷங்களில் ஊரில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்ததைச் சிறுமியாகப் பார்த்தவள் அவள்.

"இதைத் தின்னுதான் நாங்க வளர்ந்தோம். அப்போ எங்களுக்குள்ளயும் ஓடுமா?"

ஜெப்சன் இரண்டு தகடுகளையும் கழற்றித் துடைத்து அவள் இரண்டு கைகளிலும் கொடுத்தார். புள்ளி நகர்ந்தது. ஹனோராவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றிலிருந்து அந்தக் கண்ணாடிமேல் அவளுக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. திரியை வெட்டும்போதுகூட அதைப் பார்த்து, "இரு கண்ணு, இதோ ஆச்சு" என்பாள்.

ஆகஸ்ட் பாதியில் புயல் அடித்தது. மேற்கிலிருந்து மூன்று நாள் விடாமல் அடித்த புயல். அது ஓய்ந்த பிறகு மீன்பிடிக்கப் போனவர்கள் உடைந்த படகுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து கரையில் போட்டார்கள். அதில் கம்பெனியின் நீலச் சாயம் இருந்தது. கம்பிக் கப்பலின் படகு அது. கப்பல் முழுகிவிட்டது என்று அன்று சாயங்காலமே ஊர் முடிவு கட்டிவிட்டது. ஹனோரா முடிவு கட்டவில்லை. கப்பல் கடலின் நடுவில் இருந்தது. அங்கிருந்து கடிதமும் வராது, ஆளும் வராது. வரக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அவர்கள் அந்த முனையைத் தூக்கினால் இந்தப் புள்ளி அசையும். அசைந்தால் கப்பல் இருக்கிறது, அவள் பானும் இருக்கிறான். அசையாவிட்டால் பனிக்காலம் வரைக்கும் அந்தப் படகுப் பலகைதான் அவளுக்குச் செய்தி.

ஜெப்சனுக்குத் துணையாக இருந்த மற்றொரு குமாஸ்தா காய்ச்சலில் படுத்துவிட்டார். அதனால் ஜெப்சன் சாப்பிடும்போது புள்ளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஹனோராவுக்கு வந்தது. புள்ளி சும்மாவும் இருக்காது. பூமிக்கென்று ஒரு மின்சாரம் உண்டு. அது கம்பியில் ஏறிப் புள்ளியை மெல்ல இப்படியும் அப்படியும் இழுக்கும், தூளியில் கிடக்கும் குழந்தையை யாரோ அசைப்பதுபோல. ஆள் அனுப்பும் செய்தி அப்படி வராது. அது வெடுக்கென்று வரும், வெடுக்கென்று திரும்பும். இந்த வித்தியாசத்தை அவள் நாளெல்லாம் பார்த்துப் பார்த்தே கண்ணில் ஏற்றிக்கொண்டாள்.

கோப்னெட்டுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை.

"நீ என்னடி, பூனை எலிப்பொந்தைப் பார்த்துக்கிட்டிருக்கிற மாதிரி அந்தச் சுவத்தையே பார்த்துக்கிட்டிருக்க? நகத்தளவு கண்ணாடி உம் புருஷனைக் காட்டுமாக்கும்?"

"உம் புருஷனையும்தான் காட்டும். வாயேன், வந்து பாரேன்."

வந்தாள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தையோடு வந்தாள். தொப்பி ஊசியைப் பெட்டியில் போட்டாள், செருப்பைக் கழற்றினாள், மூக்கைச் சுளித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். அவள் மேசையருகே வந்ததுதான் தாமதம், புள்ளி பலகையின் ஒரு கோடிக்கு ஓடிற்று. அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். புள்ளி மறு கோடிக்கு ஓடிற்று.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று ஜெப்சன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஹனோராவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அவள் முழங்காலிட்டே விட்டாள். கோப்னெட் ஒன்றும் புரியாமல் இரண்டு எட்டுப் பின்னால் போனாள். புள்ளியும் சாதுவாக நடுவுக்குத் திரும்பிவிட்டது.

ஜெப்சன் புள்ளியைப் பார்த்தார். கோப்னெட்டைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

குழந்தையின் போர்வை ஓரத்தில் ஒரு லாட ஆணி தைத்திருந்தது. மலைக்கூட்டத்தார் என்று ஊரில் மரியாதையாகச் சொல்கிற அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜனங்கள் அழகான குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய், பதிலுக்கு ஒரு சப்பாணியைப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு இரும்பென்றால் ஆகாது. அந்தத் தீவில் ஆணியில்லாமல் பிள்ளையை வெளியே எடுத்துவர எந்தத் தாய்க்கும் தைரியம் கிடையாது.

"இரும்பு! நான் கேட்டேனா இல்லையா, இரும்பு இருக்கான்னு?" ஜெப்சனுக்குக் குரலே பிசிறிவிட்டது.

"நீங்க எங்கிட்ட இருக்கான்னு கேட்டீங்க. எங்கிட்ட இல்லையே. அது பிள்ளைகிட்ட இருக்கு."

"அதை உடனே கழட்டுங்க!"

"கழட்டிடலாம். அப்புறம் எம் பிள்ளையை அவங்க தூக்கிட்டுப் போனா, உங்க லண்டன் கம்பெனி வேற பிள்ளை அனுப்பி வைக்குமா?"

வெளியே வந்ததும் ஹனோரா அழுதாள். அழுகையோடு கோபமும் வந்தது. "ஒரு நிமிஷம் எனக்கு உயிரைக் குடுத்துட்டு மறுநிமிஷம் பிடுங்கிட்டியேடி" என்று கத்தினாள். கோப்னெட்டும் சளைக்கவில்லை. "ஒரு ஆணிக்கு இந்த ஆட்டம் ஆடுற சாமான்! இதுவா கடலுக்கு அந்தப்பக்கம் நடக்கிறதைச் சொல்லப்போகுது?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் பால் வந்தது, பேச்சு வரவில்லை.

அந்த வாரக் கடைசியில், ஜெப்சன் ரொட்டியும் ஆட்டிறைச்சிக் குழம்புமாக அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த மதியத்தில், புள்ளி வெடுக்கென்று இடப்பக்கம் போயிற்று.

ஹனோரா நம்பவில்லை. நேரே சன்னலடிக்குப் போய்க் கத்தினாள்.

"கோப்னெட்! உன் ஆணியை எடுத்துக்கிட்டு அந்தாண்ட போடி!"

"நான் மாட்டுக்கொட்டாய்கிட்ட நிக்கிறேன்டி, பைத்தியமே!" குரல் தூரத்திலிருந்து வந்தது.

அவள் திரும்பிப் பார்த்தபோது புள்ளி வலப்பக்கம் போனது, திரும்பியது, மறுபடி போனது. தூளியாட்டம் இல்லை இது. யாரோ ஒரு மனிதன் கையால் செய்கிற காரியம். "மிஸ்டர் ஜெப்சன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். அதுவும் இரும்பு என்பது வாசலில்தான் நினைவுக்கு வந்தது போலும், அப்படியே தோட்டத்தில் வீசி எறிந்தார்.

ஜெப்சன் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். கம்பியைப் பிடித்துவிட்டார்களாம். தூக்கிக் கப்பலில் இணைத்துவிட்டார்களாம். கப்பல் பத்திரமாம். சொல்லிக்கொண்டே வந்தவருக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரமில்லை. நீர் மூக்கில் வழிந்தது. கடலடியின் இருட்டில் ஒரு வருஷம் செத்துக்கிடந்த கம்பி இது. அதன் வழியே இத்தனை தூரம் நடந்து வந்து சேரும்போது அந்த மின்சாரத்துக்கு எறும்பின் பலம்கூட இருந்திருக்காது. அந்தத் துளியை அந்த நகத்தளவு கண்ணாடி கேட்டது, புரிந்துகொண்டது, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பலகையில் எழுதியது. ஹனோராவுக்கு அதைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

சத்தம் கேட்டுக் கோப்னெட்டும் வந்துவிட்டாள். குழந்தையை வெளியே பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்திருந்தாள்.

"இருக்காங்களா?"

"இருக்காங்கடி! கப்பல் இருக்கு!" இருவரும் ஒரு வாரச் சண்டையை மறந்து கட்டிக்கொண்டார்கள்.

புள்ளி ஓடிக்கொண்டே இருந்தது. ஜெப்சன் எழுத்துகளைச் சத்தமாகச் சொல்வதைத் திடீரென்று நிறுத்திவிட்டார்.

"என்ன சொல்லுது?" என்றாள் ஹனோரா.

அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முழுவதும் முடிந்து புள்ளி ஓய்ந்த பிறகுதான் நாற்காலியைத் திருப்பினார்.

"புயல்ல ஒரு படகு போயிடுச்சு. அதுல ஒரு ஆள்..." அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேரு திமோத்தி சல்லிவன்."

கட்டிக்கொண்டிருந்தவர்களின் கைகள் தாமாகவே நழுவின.

"எந்தத் திமோத்தி?" என்றாள் கோப்னெட்.

"அவ்வளவுதான் சொன்னாங்க."

"கேளுங்களேன்!"

சொந்த விஷயம் ஒரு வார்த்தைகூடக் கம்பியில் போகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். முதல் நாளே அதை மீறினால் வேலை போய்விடும். லண்டன் வேறு செய்திக்காக வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஜெப்சன் ஒரு விநாடி யோசித்தார். பிறகு செய்தியைத் தட்டி அனுப்பும் விசையில் கையை வைத்தார். தன்னை நினைத்து அன்று அவருக்கு வெட்கமில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார்.

"பானா, பெக்கா?" என்று கேட்டார். கம்பெனி ஏட்டில் இல்லாவிட்டாலும், கப்பலில் கூட வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பெயர்கள்தானே தெரியும்.

"எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றாள் கோப்னெட்.

"இடப்பக்கம் போனா சின்ன அடி, வலப்பக்கம் போனா நீள அடி. முதல் எழுத்து ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், இங்கிலீஷ் 'பி'. அதுல ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது எழுத்தைப் பாருங்க. இடம் போயி உடனே வலம் போனா அது 'ஏ'. அப்போ பான். இடம் மட்டும் போயி நடுவுல நின்னுட்டா 'ஈ'. அப்போ பெக்."

ஹனோரா மனத்துக்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். என் பானாக இருக்கக் கூடாது தாயே. சொல்லும்போதே அந்த ஜெபத்தின் மறுபாதி அவள் நெஞ்சில் குத்தியது. பானாக இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவளின் பெக். அதைத்தான் கேட்கிறோம் என்று தெரிந்தே கேட்டாள். நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் கோப்னெட்டின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. அவள் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது ஹனோராவுக்குத் தெரியாதா என்ன?

புள்ளி அசைந்தது. வலம், இடம், இடம், இடம். முதல் எழுத்து.

நின்றது.

இடம் போயிற்று. நடுவுக்கு வந்தது. நின்றது. பிறகு வலம் போயிற்று.

"வலம்!" என்று அலறினாள் கோப்னெட். "வலம் போச்சு! பான்... ஐயோ ஹனோரா!"

அவள் திரும்பி ஹனோராவை அப்படியே அணைத்துக்கொண்டாள். தன் புருஷன் பிழைத்தான் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் வரவே இல்லை. அதற்கு முன்பே அழுகை வந்துவிட்டது. ஹனோராவின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு, பின்முடியைத் தடவினாள்.

ஹனோராவின் கண்கள் அவள் தோளுக்கு மேலாகப் பலகையையே பார்த்தன. புள்ளி மறுபடியும் வலம் போயிற்று. பிறகு இடம். ஓய்ந்தது. நாளெல்லாம் பார்த்த கண்ணுக்கு அது தெரியாமல் இல்லை. இடம் போன புள்ளி நடுவில் நின்றது. ஓர் எழுத்து முடிந்து இன்னோர் எழுத்து தொடங்குவதற்கு நிற்குமே, அந்த நிற்பு. அப்புறம் வந்த வலம் வேறு எழுத்தின் வலம். அவள் ஜெப்சனைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையசைத்து, கோப்னெட்டின் முதுகைக் கண்ணால் காட்டினார்.

"அழுடி, நல்லா அழுதுடு," கோப்னெட் விம்மிக்கொண்டே பேசினாள். "எங்கப்பா கடலுக்குப் போனவரு திரும்பல. எங்கம்மா ஏழு வருஷம் கரையில நின்னா தெரியுமா? பொணமுமில்ல, சேதியுமில்ல. தினம் ராத்திரி அவருக்குன்னு கதவைத் தெறந்து வெச்சுட்டுப் படுப்பா. சந்தேகமே அவளைத் தின்னுடுச்சு. உனக்கு அந்தக் கதி இல்லடி. இந்தச் சின்னக் கண்ணாடியை நான் என்னென்னவோ பேசினேன், எம் வாய் அழுக. கடல் நடுவுல நடந்ததை இங்க நின்ன எடத்துல சொல்லிடுச்சே! இன்னிக்கே நாம துக்கம் கொண்டாடலாம். ஊரைக் கூப்பிடலாம். நான் கூட இருக்கேன். நீ தனியாள் இல்ல."

ஹனோரா இரண்டு கைகளாலும் அவளை இறுகப் பிடித்துக்கொண்டாள். பான் உயிரோடிருக்கிறான் என்ற நினைப்பு நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

"கோப்னெட்," என்றாள். "நடுவுல நின்னுச்சுடி."